எண்ணைத் தருவது கணினி. எச்சரிக்கையைத் தருவது யார்?

வயநாடு மாவட்டத்தில் நிலச்சரிவு நேர்ந்த மறுநாள், 2024 ஜூலை 31-ஆம் தேதி, மாநிலங்களவையில் பேசிய மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா, கேரள அரசுக்கு ஜூலை 23-ஆம் தேதி தொடங்கிப் பலமுறை எச்சரிக்கை அனுப்பப்பட்டது என்றார். 26-ஆம் தேதி அனுப்பப்பட்ட எச்சரிக்கையில் 20 செ.மீ.க்கும் அதிகமாக மழை பெய்யலாம், நிலச்சரிவும் ஏற்படலாம் என்று கூறப்பட்டிருந்ததாகவும் அவர் தெரிவித்தார். அன்றைய தினமே கேரள முதல்வர் பினராயி விஜயன் இதை மறுத்தார். வயநாட்டுக்கு விடுக்கப்பட்டிருந்தது ஆரஞ்சு எச்சரிக்கைதான். 115 முதல் 204 மில்லிமீட்டர் வரை மழை பெய்யும் என்றே அதில் சொல்லப்பட்டிருந்தது. பெய்ததோ 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர். சிவப்பு எச்சரிக்கை வந்தது 30-ஆம் தேதி காலை 6 மணிக்கு, நிலச்சரிவு நிகழ்ந்து முடிந்த பிறகு என்பது அவரது வாதம். உள்துறை அமைச்சருக்கு எதிராக உரிமை மீறல் நோட்டீஸ் அளிக்கும் அளவுக்கு இந்தச் சர்ச்சை வளர்ந்தது.

இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோன ஒரு துயரத்தில், எச்சரிக்கை தரப்பட்டதா இல்லையா என்ற எளிய கேள்விக்குக்கூட ஒரே விடை கிடைக்கவில்லை. இரு தரப்பும் தத்தமக்குச் சாதகமான முன்னறிவிப்பை எடுத்துக்காட்ட முடிந்தது. இது எப்படிச் சாத்தியமாகிறது? மத்தியில் ஆள்வது யார், மாநிலத்தில் ஆள்வது யார் என்ற அரசியலுக்கு அப்பால் இதற்கு ஒரு விடை இருக்கிறது. கணினி தரும் எண்ணுக்கும் மாவட்ட ஆட்சியரின் மேஜைக்கு வந்து சேரும் எச்சரிக்கைக்கும் இடையே ஒரு நீண்ட மனித உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பைப் பற்றி நமது நாடாளுமன்றம் பேசுவதே இல்லை. சூப்பர் கம்ப்யூட்டரின் வேகமும் விலையும் அவைக் குறிப்பில் இடம்பெறுகின்றன. அந்தக் கணினி தரும் எண்ணைச் சோதித்து, திருத்தி, ஒரு மாவட்டத்துக்குரிய எச்சரிக்கையாக மாற்றும் வானிலை ஆய்வாளர் இடம்பெறுவதில்லை.

கட்டம் கட்டமாக ஒரு நாடு

கணினி என்ன செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பூமியைச் சூழ்ந்துள்ள வளிமண்டலத்தை அது சதுரக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. செயற்கைக்கோள், பலூன், ரேடார், கப்பல், விமானம், தரை நிலையம் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் அளவீடுகளைக் கொண்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் இந்நேரத்து வெப்பநிலை, காற்று, ஈரப்பதம், அழுத்தம் இன்னதென்று நிர்ணயிக்கிறது. பின்னர், இயற்பியல் விதிகளின்படி அடுத்த சில நிமிஷங்களில் அந்த எண்கள் எப்படி மாறும் என்று கணக்கிடுகிறது. அதையே திரும்பத் திரும்பச் செய்து பத்து நாள் வரை முன்னோக்கிச் செல்கிறது.

கட்டத்தின் அளவுதான் இங்கே முக்கியம். இந்திய வானிலை ஆய்வுத் துறை பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய உலகளாவிய கணினி மாதிரியில் ஒரு கட்டத்தின் பக்க அளவு சுமார் 12 கி.மீ. புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய 'பாரத் முன்னறிவிப்பு அமைப்பு' 2025 மே 26-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது அது 6 கி.மீ. ஆகக் குறைந்தது. நாட்டின் பரப்பளவான சுமார் 33 லட்சம் சதுர கி.மீ.யை இந்தக் கணக்கில் வகுத்தால், முன்பு ஏறத்தாழ 23,000 ஆக இருந்த கட்டங்கள் 91,000 ஆகப் பெருகியிருக்கின்றன. கட்டத்தின் பக்கம் பாதியானால் கட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். கணக்கிடும் கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டும் என்பதால் வேலை எட்டு மடங்காகும். பெரிய கணினி தேவைப்படுவது இதனால்தான். இது பெருமைக்குரிய சாதனை என்பதில் இரு வேறு கருத்துகள் இருக்க முடியாது.

ஆனால், ஒரு கட்டத்துக்குள் மழை எங்கும் ஒரே அளவில்தான் பெய்யும் என்று கணினி எடுத்துக்கொள்கிறது. இயற்கை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. 2024 ஜூன் 28-ஆம் தேதி காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தில்லி சப்தர்ஜங் நிலையத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை பதிவானது. அங்கிருந்து சுமார் 10 கி.மீ. தொலைவில் உள்ள பாலம் நிலையத்தில் பதிவானது 106.6 மில்லிமீட்டர். ஒரே நகரம், ஒரே இரவு. மழையோ இரண்டுக்கு ஒன்று. மேகவெடிப்பு என்பது இதைவிடச் சிறியது. 20 முதல் 30 சதுர கி.மீ. பரப்பில் ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. கொட்டினால் அது மேகவெடிப்பு என்பது வானிலைத் துறையின் இலக்கணம். 6 கி.மீ. பக்கமுள்ள கட்டத்தின் பரப்பே 36 சதுர கி.மீ. நாட்டின் மிகச் சிறந்த கணினி மாதிரியிலும் ஒரு மேகவெடிப்பு ஒற்றைக் கட்டத்துக்குள் மறைந்துவிடும்.

எண் எப்படி முன்னறிவிப்பாகிறது?

இங்கேதான் வானிலை ஆய்வாளரின் பணி தொடங்குகிறது. தில்லி லோதி சாலையில் உள்ள மௌசம் பவனில் அமைந்த தேசிய முன்னறிவிப்பு மையத்துக்கு ஒரே ஒரு கணினி மாதிரியின் விடை மட்டும் வருவதில்லை. வானிலைத் துறையின் மாதிரி, 1988-இல் நிறுவப்பட்டு நொய்டாவில் இயங்கும் தேசிய நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்பு மையத்தின் மாதிரி, ஐரோப்பிய, அமெரிக்க மாதிரிகள் எனப் பல விடைகள் வருகின்றன. இவை போதா என்று, தொடக்க நிலையைச் சிறிதளவு மாற்றி மாற்றி ஒரே கணக்கை 21 முறை போட்டுப் பார்க்கும் முறையும் 2018 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. 21 விடைகளில் 18 விடைகள் பெருமழை என்றால் ஆய்வாளருக்கு நம்பிக்கை பிறக்கிறது. ஏழு விடைகள் மட்டுமே அப்படிச் சொன்னால் எச்சரிக்கையின் வாசகம் மாறுகிறது.

அடுத்தது பிழை நீக்கம். ஒரு மாதிரி ஒரு குறிப்பிட்ட ஊரின் பகல் வெப்பநிலையைத் தொடர்ந்து இரண்டு டிகிரி கூடுதலாகவே காட்டி வந்தால், அந்த இரண்டைக் கழித்துக்கொள்ளலாம். இதைப் புள்ளியியல் முறையில் கணினியே செய்துவிடும். மலைப்பகுதி கடினமானது. ஒரு கட்டத்துக்குள் 800 மீட்டர் உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கும் 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு சிகரமும் இருந்தால், கணினி இரண்டுக்கும் இடைப்பட்ட ஓர் உயரத்தை வைத்துக் கணக்கிடுகிறது. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஆகவே, கட்டம் தரும் எண் பள்ளத்தாக்குக்கும் பொருந்தாது, சிகரத்துக்கும் பொருந்தாது. மலைச்சரிவில் மோதும் ஈரக்காற்று மேலேறிக் கொட்டும் மழையைப் பெரிய கட்டங்கள் கொண்ட மாதிரிகள் குறைத்தே காட்டும் என்பதும் ஆய்வாளர்கள் அறிந்த உண்மை. வயநாடும் இடுக்கியும் உத்தரகண்டும் ஹிமாசலும் இந்த இடர்ப்பாட்டுக்குள் வருபவை.

இவற்றையெல்லாம் முன்னே வைத்துக்கொண்டு, சென்னை, மும்பை, கொல்கத்தா, நாகபுரி, குவாஹாட்டி, புது தில்லி ஆகிய ஆறு மண்டல மையங்களின் ஆய்வாளர்களும் மாநில மையங்களில் உள்ளோரும் தலைமையகத்துடன் நாள்தோறும் காணொலி வழியே கலந்து பேசுகிறார்கள். எந்த மாதிரி இந்தப் பருவத்தில் நன்றாகச் செயல்படுகிறது, எது தடுமாறுகிறது, நேற்றைய கணிப்பு எங்கே தவறியது, வங்கக் கடலில் உருவான தாழ்வுநிலையைச் செயற்கைக்கோள் படம் எங்கே காட்டுகிறது, மாதிரி எங்கே வைத்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து முடிவுக்கு வருகிறார்கள். அந்த முடிவுதான் 36 வானிலைப் பிரிவுகளுக்கும், பின்னர் மாவட்டங்களுக்கும் நிறமாகவும் சொல்லாகவும் இறங்குகிறது. கடைசி மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையில் கணினி மாதிரியைவிட ரேடார் படமே பெரிதும் உதவுகிறது.

அமெரிக்காவில் இந்த வேலை வேறொரு வடிவில் நடைபெறுகிறது. அங்குள்ள தேசிய வானிலை சேவையின் 122 உள்ளூர் அலுவலகங்களும் நாட்டை இரண்டரை கி.மீ. பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஆய்வாளர் கணினித் திரையில் அந்தக் கட்டங்களையே நேரடியாகத் திருத்துகிறார். ஏரிக்கரையில் காற்றைக் கூட்டுகிறார், பள்ளத்தாக்கில் குளிரைக் குறைக்கிறார். திருத்திய கட்டங்களிலிருந்து முன்னறிவிப்பின் வாசகத்தைக் கணினி எழுதிவிடுகிறது. ஆரம்பத்தில் அண்டை அலுவலகங்களின் கட்டங்கள் எல்லையில் பொருந்தாமல், ஒரு கோட்டுக்கு இப்புறம் ஓர் எண்ணும் அப்புறம் வேறோர் எண்ணுமாக இருந்தன. பல மாதிரிகளைக் கலந்து எடுத்த ஒரு பொதுக் கணிப்பை எல்லோரும் தொடக்கமாகக் கொள்வது என்ற ஏற்பாட்டால் அந்தக் குறை பெருமளவு நீங்கியது. நமக்கும் இது அந்நியமான பிரச்னை அல்ல. தில்லியும் குருகிராமும் ஒரு வானிலைப் பிரிவில் உள்ளன. யமுனைக்கு அக்கரையில் உள்ள நொய்டா, மேற்கு உத்தரப் பிரதேசப் பிரிவில் உள்ளது. மேகத்துக்கு இந்த எல்லை தெரியாது.

தலைநகரின் வாசலில் தவறிய கணிப்பு

மனிதனின் தீர்ப்பு எங்கே தேவைப்படுகிறது என்பதற்குத் தலைநகரிலேயே சான்றுகள் உண்டு. தில்லியில் தென்மேற்குப் பருவமழை ஜூன் 27-ஆம் தேதி வாக்கில் தொடங்குவது வழக்கம். 2021-ஆம் ஆண்டில் ஜூன் மாத நடுவிலேயே அது வந்துவிடும் என்று அறிவிக்கப்பட்டது. வரவில்லை. மீண்டும் மீண்டும் தேதிகள் சொல்லப்பட்டன. மேகங்கள் தில்லிக்கு மேல் வந்தும் மழை இல்லை. இறுதியில் ஜூலை 13-ஆம் தேதிதான் பருவமழை வந்தது. கணினி மாதிரிகள் இவ்வாறு தவறுவது அரிது என்று வானிலைத் துறையே ஒப்புக்கொண்டு அறிக்கை வெளியிட்டது. மாதிரிகள் எல்லாம் ஒரே குரலில் சொன்னாலும் அவை எல்லாம் சேர்ந்து தவறலாம் என்பதே இதன் பாடம்.

கணினிக்குள் செல்லும் அளவீடுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2024 மே 29-ஆம் தேதி தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையைக் காட்டியது. நாட்டிலேயே இதுவரை காணாத வெப்பம் என்று உலகெங்கும் செய்தி பரவியது. அக்கம்பக்கத்து நிலையங்களின் அளவுகளோடு அது ஒத்துப்போகவில்லை என்பதைக் கண்ட வானிலைத் துறை, கருவியைச் சோதித்து, அது சுமார் 3 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது என்று அறிவித்தது. பழகிய கண் சந்தேகப்பட்டதால்தான் உண்மை வெளிவந்தது.

மனிதத் தீர்ப்பு வென்ற கதையும் உண்டு. 2013 அக்டோபரில் வங்கக் கடலில் உருவான பைலின் புயல் ஒடிஸாவை நோக்கி வந்தபோது, அது 1999-இல் ஏறத்தாழ பத்தாயிரம் பேரைப் பலி கொண்டதைப் போன்ற அதிதீவிரப் புயல் என்று வெளிநாட்டு மையங்களும் தனியார் கணிப்பாளர்களும் கூறினர். இந்திய வானிலைத் துறை குறைத்து மதிப்பிடுகிறது என்ற கண்டனமும் எழுந்தது. காற்றின் வேகம் மணிக்கு 210 முதல் 220 கி.மீ. அளவில்தான் இருக்கும் என்ற கணிப்பில் நமது ஆய்வாளர்கள் உறுதியாக நின்றனர். அக்டோபர் 12-ஆம் தேதி கோபால்பூர் அருகே புயல் கரை கடந்தபோது அவர்கள் கூறியதே சரியாயிற்று. லட்சக்கணக்கானோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டதால் உயிரிழப்பு சில பத்துகளுக்குள் அடங்கியது. மிகைப்படுத்தாத எச்சரிக்கை, அதை நம்பிய மாநில நிர்வாகம் என்ற இரண்டும் ஒன்று சேர்ந்ததன் பலன் அது.

'ஓரிரு இடங்களில்' என்பதன் பொருள்

கணிப்பு சரியாக இருந்தும் சொல் தடுமாறினால் பயன் இல்லை. 'ஓரிரு இடங்களில் கனமழை பெய்யக்கூடும்' என்ற வாசகத்தைத் தமிழ் வாசகர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள். எப்படிப் பெய்தாலும் தப்பித்துக்கொள்ளும் உத்தி என்று கேலி பேசுவோரும் உண்டு. ஆனால், அது கணக்குள்ள சொல். ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகும் என்பதே 'ஓரிரு இடங்கள்'. அதற்கு மேல் 50 சதவீதம் வரை 'ஒருசில இடங்கள்', 75 சதவீதம் வரை 'அநேக இடங்கள்', அதற்கும் மேல் 'பெரும்பாலான இடங்கள்'. இந்த விளக்கத்தைத் துறை மக்களிடம் கொண்டுசேர்க்கவில்லை. எனவே, பொருள் பொதிந்த சொல் பொருளற்ற சொல்லாகத் தோன்றுகிறது.

மழை அளவின் பெயர்களிலும் இதே சிக்கல் உள்ளது. 64.5 மில்லிமீட்டருக்கு மேல் கனமழை, 115.6-இலிருந்து மிக கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதி கனமழை. அதற்கு மேல் வேறு பெயரில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. 21 செ.மீ.யும் அதி கனமழைதான், 95 செ.மீ.யும் அதி கனமழைதான். அப்போதும் இதே சர்ச்சைதான் நடைபெற்றது. டிசம்பர் 12-ஆம் தேதியே முன்னறிவிப்பு தரப்பட்டது என்று மத்திய நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் கூறினார். பெய்த அளவு முன்னறிவிப்பில் இல்லை என்று மாநில அரசு கூறியது. ஒரு தரப்பு 'மழை வரும் என்றோம்' என்கிறது. மறு தரப்பு 'இவ்வளவு என்று சொல்லவில்லையே' என்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க இடம் தருகிறது தற்போதைய எச்சரிக்கை முறை.

நிறங்களின் கதியும் இதுவே. மஞ்சள் என்றால் கவனித்திரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாகு. சிவப்பு என்றால் நடவடிக்கை எடு. வயநாடு சர்ச்சையின்போது வானிலைத் துறைத் தலைமை இயக்குநர் மிருத்யுஞ்ஜய் மொகபாத்ரா, ஆரஞ்சு எச்சரிக்கையே நடவடிக்கைக்குத் தயாராவதற்கானது, சிவப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்று விளக்கினார். துறையின் பார்வையில் இது சரி. ஆனால், மழைக்காலத்தில் அடிக்கடி ஆரஞ்சு அறிவிப்பைப் பெறும் ஒரு மலை மாவட்ட நிர்வாகம், ஒவ்வொரு முறையும் கிராமங்களைக் காலி செய்ய முடியுமா? எந்த ஆரஞ்சு சிவப்பாக மாறக்கூடியது என்பதைச் சொல்லும் உள்ளூர் நுணுக்கம்தான் அங்கே தேவைப்படுகிறது. அந்த நுணுக்கம் இயலாதது அல்ல. கல்பட்டாவில் இயங்கும் ஹியூம் மையம் என்ற தன்னார்வ அமைப்பு, மாவட்டம் முழுவதும் தான் அமைத்த மழைமானிகளின் அளவுகளைக் கொண்டு ஜூலை 29 காலையிலேயே மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்ததாகச் செய்திகள் வெளியாயின.

அவையில் எழாத கேள்விகள்

நாடாளுமன்றத்தில் வானிலை குறித்த கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. எத்தனை டாப்ளர் ரேடார்கள் என்று கேட்கப்படும். 2014-இல் 15 ஆக இருந்தவை 2023-இல் 39 ஆக உயர்ந்துள்ளன என்பது போன்ற பதில் வரும். சூப்பர் கம்ப்யூட்டரின் வேகம் என்ன என்று கேட்கப்படும். 2018-இல் பிரத்யுஷ், மிஹிர். 2024 செப்டம்பர் 26-இல் பிரதமர் தொடங்கிவைத்த, 850 கோடி ரூபாய் செலவிலான அர்க்கா, அருணிகா என்று பட்டியல் வரும். அர்க்காவின் வேகம் 11.77 பெட்டாஃப்ளாப்ஸ், அருணிகாவின் வேகம் 8.24 பெட்டாஃப்ளாப்ஸ் என்ற விவரமும் உண்டு. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,000 கோடி ரூபாயில் 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. இவை அனைத்தும் தேவையான செலவுகளே. 1980-களின் இறுதியில் அமெரிக்காவிடமிருந்து கேட்ட கணினி கிடைக்காமல், அதைவிடத் திறன் குறைந்ததை வாங்கிவந்த நாடு இது என்பதை நினைவில் கொண்டால், இந்த வளர்ச்சியின் அருமை புரியும்.

ஆனால், அதே காலத்தில் நடந்த மற்றொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேளாண் அறிவியல் மையங்களில் இயங்கிய 199 மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் 2024 மார்ச் மாதத்துடன் மூடப்பட்டன. மாவட்ட, வட்டார அளவிலான முன்னறிவிப்பை எடுத்துக்கொண்டு, இந்த வாரம் விதைக்கலாமா, மருந்து தெளிக்கலாமா, அறுவடையைத் தள்ளிவைக்க வேண்டுமா என்று உள்ளூர் மொழியில் விவசாயிக்கு வாரம் இருமுறை சொன்ன பிரிவுகள் அவை. தகவல்கள் தானாகவே திரட்டப்படும் நிலையில் ஊழியர்கள் தேவையில்லை என்ற எண்ணம் இதன் பின்னணியில் இருந்தது. கட்டத்தைச் சிறிதாக்க கோடிகளைச் செலவிட்ட ஆண்டிலேயே, கட்டத்தின் எண்ணை வயலுக்கு எடுத்துச்சென்ற மனிதர்களை நீக்கியது முரண்பாடு அல்லவா?

2024 அக்டோபர் 24-ஆம் தேதி கிராம ஊராட்சி அளவில் ஐந்து நாள் முன்னறிவிப்பு தரும் திட்டம் தொடங்கப்பட்டது. நாட்டில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் உள்ளன. அத்தனைக்கும் ஆய்வாளர் ஒருவர் அமர்ந்து எண்களைத் திருத்த முடியாது. கட்டத்தின் எண் அப்படியே ஊராட்சித் தலைவரின் கைப்பேசிக்குச் செல்லும். சாதாரண நாள்களில் அதில் தவறில்லை. அசாதாரணமான நாளில் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதத் தீர்ப்பு இருக்கிறதா, இல்லையா என்பது ஊராட்சித் தலைவருக்கு எப்படித் தெரியும்?

மனிதன் தேவையா?

இதற்கு எதிர்வாதமும் உண்டு. அதைப் புறக்கணிக்கக் கூடாது. ஐந்து நாள்களுக்குப் பிந்தைய வெப்பநிலையைக் கணிப்பதில், பிழை நீக்கப்பட்ட கணினி எண்ணை மனிதர் கைவைத்துத் திருத்துவதால் பெரிய லாபம் இல்லை என்பதை வெளிநாட்டு அனுபவம் காட்டியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு அடிப்படையிலான மாதிரிகளும் வந்துவிட்டன. ஐரோப்பிய மையம் 2025 பிப்ரவரியில் அத்தகைய மாதிரியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நமது வேளாண் அமைச்சகமும் 2025 கரீஃப் பருவத்தில் அத்தகைய மாதிரிகளின் துணையுடன் 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்குப் பருவமழை தொடக்கம் பற்றிய தகவலைக் குறுஞ்செய்தியாக அனுப்பியது.

ஆகவே, எல்லா எண்களையும் மனிதரே திருத்த வேண்டும் என்பது வாதமல்ல. அன்றாட எண்களைக் கணினியிடம் விட்டுவிட்டு, அடுத்த ஓரிரு நாளில் வரக்கூடிய பெருமழை, புயல், வெப்ப அலை, மூடுபனி ஆகியவற்றின் மீது ஆய்வாளர்களின் நேரத்தையும் அனுபவத்தையும் குவிப்பதே அறிவுடைமை. கடந்த காலத்தைக் கற்ற மாதிரி, கடந்த காலத்தில் நிகழாத ஒன்று நிகழும்போது திணறும். பருவநிலை மாறிவரும் காலத்தில் அப்படிப்பட்ட நாள்கள் பெருகும் என்பதால், அனுபவமுள்ள ஆய்வாளரின் தேவை கூடுமே தவிர குறையாது.

பொறுப்பை வரையறுக்கும் வழி

அரசு செய்யக்கூடியவை சில உள்ளன. முதலாவதாக, ஒவ்வொரு பெருமழை நிகழ்வுக்குப் பிறகும் மூன்று விவரங்களை அருகருகே வெளியிட வேண்டும்: கணினி மாதிரிகள் கூறியது என்ன, ஆய்வாளர்கள் அதைத் திருத்திக் கூறியது என்ன, பெய்தது என்ன? மாவட்டவாரியாக, தேதி, நேரத்துடன் இது பொதுவெளியில் இருந்தால், 'சொன்னோம்', 'சொல்லவில்லை' என்ற சண்டைக்கே இடமிருக்காது. பிழை கணினியிலா, திருத்தத்திலா, எச்சரிக்கையைக் கையாண்ட நிர்வாகத்திலா என்பதும் வெளிப்படும்.

இரண்டாவதாக, நிறத்துடன் நிகழ்தகவையும் சொல்ல வேண்டும். 'ஆரஞ்சு, ஆனால் 20 செ.மீ.யைத் தாண்ட மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு' என்று சொன்னால், மலைச்சரிவில் குடியிருப்புகள் உள்ள மாவட்டத்தின் ஆட்சியர் அதைச் சிவப்பாகவே எடுத்துக்கொள்ள முடியும். சமவெளி மாவட்டத்தின் ஆட்சியர் வேறு முடிவெடுக்கலாம். துறையிடம் இந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. 21 விடைகளை வைத்திருக்கும் துறை ஒரே ஒரு நிறத்தை மட்டும் வெளியே அனுப்புவது, கையில் இருப்பதை மறைப்பதற்குச் சமம்.

மூன்றாவதாக, எச்சரித்து மழை பெய்யாமல் போனால் ஆய்வாளரை ஏளனம் செய்யும் போக்கு மாற வேண்டும். பள்ளிக்கு விடுமுறை விட்ட நாளில் வெயில் அடித்தால் கேலிப் படங்கள் பரவுகின்றன. பெய்தால் ஏன் முன்பே சொல்லவில்லை என்ற கண்டனம் வருகிறது. இந்த இரண்டுக்கும் அஞ்சும் அதிகாரி, நடுவில் நிற்கும் நிறத்தையே தேர்ந்தெடுப்பார். அது அவருக்குப் பாதுகாப்பு, மக்களுக்கு அல்ல. அமைச்சர்கள் முன்னறிவிப்பை அரசியல் கேடயமாகப் பயன்படுத்தும்வரை இந்த அச்சம் நீங்காது.

நான்காவதாக, அறிவியல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல் துறைகளுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, புவி அறிவியல் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையை ஆராயும்போது, கணினிக்கும் ரேடாருக்கும் எவ்வளவு என்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. முன்னறிவிப்புப் பணியிடங்களில் எத்தனை காலியாக உள்ளன, மாநில மையங்களில் இரவுப் பணியில் எத்தனை பேர் இருக்கிறார்கள், மலை மாவட்டங்களில் எத்தனை மழைமானிகள் உள்ளன, மூடப்பட்ட 199 பிரிவுகளின் வேலையை யார் செய்கிறார்கள் என்று ஆண்டுதோறும் கேட்டுப் பதிலை அவையில் வைக்க வேண்டும். ஹியூம் மையம் போன்ற அமைப்புகளின் மழை அளவுகளை அதிகாரபூர்வக் கணிப்பில் சேர்த்துக்கொள்ள என்ன தடை என்றும் கேட்க வேண்டும்.

1875-இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறை 2025 ஜனவரியில் 150 ஆண்டுகளை நிறைவு செய்தது. புயல் எச்சரிக்கையில் உலகமே மதிக்கும் நிலையை அது எட்டியிருக்கிறது. புயலைவிடச் சிறியதும் விரைவானதுமான மலைமழையிலும் நகரமழையிலும் அதே நிலையை எட்ட வேண்டுமானால், கட்டத்தைச் சிறிதாக்குவது பாதி வேலைதான். அந்தக் கட்டத்தின் எண்ணை ஒரு மாவட்டத்தின், ஓர் ஊரின் எச்சரிக்கையாக மாற்றும் மனிதர்களைப் பெருக்குவதும், அவர்களது தீர்ப்பைப் பதிவுசெய்து வெளியிடுவதும் மீதிப் பாதி. அடுத்த பருவமழை தொடங்குவதற்கு முன்பாகவே அந்த மீதிப் பாதிக்கும் நாடாளுமன்றம் கணக்குக் கேட்க வேண்டும். மண்ணுக்கடியில் உடல்களைத் தேடிக்கொண்டிருக்கும்போது யார் எந்தத் தேதியில் எச்சரித்தார்கள் என்று அவையில் வாதிடுவதால் எவருக்கும் பயனில்லை.